கையில்லாத உசுரு

இங்கன உக்காருங்க, ஒண்ணும் செய்யாது. நாயை மட்டும் அந்தப் பக்கமாப் பிடிச்சுக்கிடுங்க. கூடைக்குள்ள காய்கறி இல்ல, பாம்புதான். ஐயோ, எந்திரிக்காதிய. தலையணை உறைக்குள்ள போட்டு வாயை இறுக்கிக் கட்டியிருக்கேன். அவுத்து விட்டாலும் அது இப்ப ஓடுத நெலமையில இல்ல. விஷமும் கிடையாது. கூடைக்குள்ள என்னன்னு கேட்டாவ, சொன்னேன், எல்லாரும் எந்திரிச்சு அந்தச் செவுத்தோரமாப் போயிட்டாவ, பாருங்க. ஒரு பெஞ்சு முழுக்க எனக்கேன்னு கிடக்கு. ஒத்தையில இப்படி உக்காந்திருந்தா எனக்குக் கோட்டி பிடிச்சிரும்.

உங்க நாய்க்கு என்ன? காதுல சீழா. அது மருந்து விட்டா சரியாயிரும். நல்லா இருக்கு, கொழுகொழுன்னு. பேரென்ன, புரூனோவா? சரி சரி, மோந்து பாக்கட்டும், பாவம்.

டாக்டரு உள்ள ஒரு நாய்க்கு ஆபரேசன் பண்ணிக்கிட்டு இருக்காவளாம். பாம்பு பாக்கது இங்க அவரு ஒருத்தருதானாம். முடிஞ்சதும் கூப்பிடுவாவ. அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். எனக்குப் பேசாம இருக்க முடியாது, பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரவிய இருந்த காலத்துல, ஏட்டி, கொஞ்ச நேரம் வாயை மூடேன்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பாவ. இப்பச் சொல்லதுக்கு ஆளில்ல.

இது என் பாம்பு இல்ல. அதை மொதல்லயே சொல்லிருதேன். எம் மருமவ வளக்கது. சிந்துஜான்னு பேரு, சேலத்துப் பிள்ளை. இதுக்கு மிளகான்னு பேரு வச்சிருக்கா. செக்கச்செவேல்னு வத்தல் மிளகா மாதிரியே இருக்கும். வீட்டுல இன்னொண்ணு இருக்கு, அது சுண்டல். கொஞ்சம் பெருசு, வெளுத்த மஞ்சளா இருக்கும். ரெண்டும் வெளிநாட்டு வகை. நம்ம ஊருப் பாம்பை வீட்டுல வளக்கப்படாதாம், பிடிச்சு உள்ள வச்சிருவாவளாம். இதுக்கெல்லாம் அரசாங்கத்துல பதிஞ்சு பேப்பர் வாங்கி வச்சிருக்கா. அந்த விசயத்துல அவள ஒண்ணும் சொல்ல முடியாது.

எனக்கு ஊரு சங்கரன்கோவில். எங்க ஊருல பாம்புன்னா சாமி. கோமதியம்மனுக்கு வெள்ளியில பாம்பு உரு வாங்கிப் போடுவாவ, புத்துமண்ணை நெத்தியில பூசிக்கிடுவாவ. அதெல்லாம் கோயில்ல. கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டா, அங்க பாம்பு இருக்கப்படாது. அதுதான முறை? எங்க வீட்டுக்காரவிய போன பொறவு எம் மவன் நயினாரு என்னைப் பள்ளிக்கரணைக்குக் கூட்டிட்டு வந்தான். வந்த அன்னைக்கு, அம்மா, அந்த ரூமுக்குள்ள மட்டும் நீ போக வேண்டாம்னான். கல்யாணத்துக்கு முன்னாடியே பாம்பும் கூட வரும்னு அவ சொல்லிட்டாளாம், இவனும் சரின்னுட்டானாம். எங்கிட்டத்தான் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. நான் மருமவளக் குறை சொல்லதுக்காகச் சொல்லல. அவ நல்ல பிள்ளைதான். காலைல எந்திரிக்கதுதான் லேட்டு.

பாம்பைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அது திங்கதப் பொறுக்க முடியல. நாங்க சைவம் பாத்துக்கிடுங்க, முட்டைகூட வீட்டுக்குள்ள வராது. ஒரு நாளு தேங்கா எடுக்கேன்னு ஃப்ரீசரைத் தொறக்கேன், பொட்டலத்துக்குள்ள வெள்ளெலி. கண்ணை மூடிக்கிட்டு, வாலைச் சுருட்டிக்கிட்டு, ஐஸ் கட்டியா வரிசையா இருக்கு. ரெண்டு நாளு வெறும் பழத்தைத் தின்னுக்கிட்டுக் கிடந்தேன். பொறவு நயினாரு அதுக்குன்னு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வாங்கி அந்த ரூம்புல வச்சான். அவனுக்கும் எலின்னா ஆகாது, பாத்தாலே வாந்தி எடுத்துருவான். நான் வளத்த வளப்பு அப்படி. பாம்பு வேலை பூராவும் அவதான்.

இப்ப அவளுக்குத் தலைப்பிரசவம். சேலத்துல, அவ அம்மை வீட்டுல இருக்கா. நேத்து சாயங்காலம் வலி எடுத்துட்டுதுன்னு போன் வந்து நயினாரு ஓடியிருக்கான். இன்னும் ஒரு தகவலும் இல்ல. அதான் இந்தப் போனைக் கையிலயே வச்சிக்கிட்டு இருக்கேன். மொதப் பேரப்பிள்ளை பொறக்கப்போற நேரத்துல நான் எங்க இருக்கேன் பாருங்க. மாட்டாஸ்பத்திரியில பாம்போட உக்காந்திருக்கேன்.

வளைகாப்பு எங்க வீட்டுலதான் வச்சோம். சேலத்துச் சம்பந்தகாரவிய எல்லாரும் வந்திருந்தாவ, எங்க ஊருல இருந்தும் வந்திருந்தாவ, எதுத்த வீட்டு லில்லி டீச்சர் முன்வரிசையில உக்காந்திருந்தாவ. வளையல் போட்டுக்கிட்டு இருக்கும்போது அவ சித்தி ஒருத்தி வாயை வச்சிக்கிட்டு இருக்காம, பிள்ளை வந்த பொறவு இந்தப் பாம்பையெல்லாம் என்ன செய்யப்போறிய சம்பந்தின்னு எங்கிட்டக் கேட்டா. அவ கேட்டா, நானாவது சிரிச்சு மழுப்பியிருக்கலாம்லா? நமக்கு அது வராது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு இவ இந்த வாசப்படி ஏறும்போது, ஒண்ணு உள்ள அது இருக்கும், இல்ல நான் இருப்பேன், அப்படின்னுட்டேன். சிந்துஜா கையில வளையலு அடுக்கிக்கிட்டே இருக்காவ, அவ தலையைக் குனிஞ்சவ நிமிரவே இல்ல. சபையில சொல்லியிருக்கப்படாது. அது எனக்குத் தெரியும். ஆனா சொன்னது நெசந்தான, மனசுல இருந்ததுதான.

அன்னைக்குச் சாயங்காலம் கார்ல ஏறப்போறவ, திரும்பி எங்கிட்ட வாரா. சண்டை போடத்தான் வாரான்னு நெனச்சு நானும் பதிலு தயாரா வச்சிருந்தேன். வந்தவ எங்கையைப் பிடிச்சுக்கிட்டா.

“அத்தை, மிளகாவையும் சுண்டலையும் உங்ககிட்டதான் விட்டுட்டுப் போறேன்.”

எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருந்த சிநேகிதக்காரி பெங்களூருக்கு மாத்தலாகிப் போயிட்டாளாம். வேற எத்தனை பேரு இருக்காவ, அவியகிட்ட விடேம்மான்னேன்.

“இல்ல அத்தை. பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான். பிடிச்ச மாதிரி நடிக்கிறவங்ககிட்ட விட எனக்குப் பயமா இருக்கு.”

சபையில அவள அப்படிப் பேசியிருக்கேன், அவ இப்படிச் சொல்லுதா. நான் என்ன செய்ய? சரின்னேன்.

எல்லாத்தையும் நின்னு காட்டிக் குடுத்துட்டுத்தான் போனா. தண்ணிய எப்ப மாத்தணும், எலியை எப்படி வெந்நியில போட்டு எளக்கணும், இடுக்கியில எப்படிப் பிடிச்சு நீட்டணும். கடைசியா ஒண்ணு சொன்னா. அந்த ரூம்ல எதையும் கொளுத்திடாதீங்க அத்தை, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி எதுவும் வேண்டாம், அதுங்க மூச்சுக்கு ஆகாதுன்னா. வெள்ளிக்கிழமை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுதவ நான். அந்த ரூம்பு வாசல் வந்தா தட்டை முந்தானையால மூடிக்கிட்டுத் தாண்டிப் போவேன். கேட்டுக்கிடுங்க, அம்புட்டுப் பதனமா இருந்தவதான் நான்.

மொத தடவை எலி குடுத்த அன்னைக்குத் தலைக்குக் குளிச்சேன். சாமி படத்துப் பக்கம் போவல. ரெண்டாவது தடவையும் குளிச்சேன். பொறவு கையை மட்டும் கழுவிக்கிட்டேன். பழகிப் போச்சு. அந்த மிளகா இருக்கே, எலியை வாங்கிக்கிட்டு, மெதுவா மெதுவா முழுங்கிட்டு, கொட்டாவி விடும் பாருங்க, பச்சைப் பிள்ளை பால் குடிச்சிட்டு விடுத மாதிரியே இருக்கும். சுண்டலு அப்படி இல்ல, அது பாட்டுக்குப் போயி மூலையில சுருண்டுக்கிடும், அதுக்கு என்னைப் பிடிக்கல. மிளகா என்னைக் கண்டா கண்ணாடிகிட்ட வரும். நான் பேசினா தலையைத் தூக்கும். பாம்புக்குக் காது கிடையாதாம், சிந்துஜா சொன்னா. இருந்துட்டுப் போகட்டும். காதுள்ளவன் நயினாரு, ராவும் பகலும் அதுல ஒரு வயரைச் சொருகிக்கிட்டு ஆபீசு வேலை பாக்கான். அவன்கிட்ட என்னத்தைப் பேச? நான் அரிசி பொடைக்கதும், கீரை ஆயுததும் அந்த ரூம்புல வச்சுத்தான்னு ஆயிட்டுது. எம் மருமவளப் பத்துன குறையெல்லாம் அவ பாம்புகிட்டயே சொன்னேன். அது ஒண்ணையும் வெளிய சொல்லல.

அவ தினம் வீடியோவுல வருவா. அத்தை, கேமராவை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு போங்கன்னு வயித்தைத் தடவிக்கிட்டே சொல்லுவா. சட்டை உரிச்ச அன்னைக்கு, ஒரே சட்டையா முழுசா உரிச்சிருக்கு அத்தை, நீங்க நல்லா பாத்துக்கறீங்கன்னு அர்த்தம்னா. எனக்குச் சிரிப்பாணி வந்துட்டுது. எம் பிள்ளைய வளத்ததுக்குக்கூட ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல.

இப்படித்தான் நல்லாப் போயிக்கிட்டு இருந்துது. பொறவுதான் மழை வந்து, கொசு வந்துது.

பள்ளிக்கரணையப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பக்கத்துல அம்புட்டுத் தண்ணி கிடக்கு. சாயங்காலம் ஆச்சுன்னா வாயைத் தொறந்து பேச முடியாது, உள்ள போயிரும். ஒரு நாளு கீரை ஆஞ்சிக்கிட்டு இருக்கேன், மிளகாவோட கண்ணுகிட்ட ஒரு கொசு உக்காந்திருக்கு. கண்ணாடிப் பெட்டிக்கு மேல வலைதான போட்டிருக்கு, அதுவழியா எறங்கியிருக்கும். உக்காந்து சாவகாசமா ரத்தம் குடிக்கு. மிளகா அசையல. மாட்டுக்கு வாலு இருக்கு, வீசிக்கிடும். உங்க நாய்க்குக் காலு இருக்கு, சொறிஞ்சிக்கிடும். இதுக்கு என்ன இருக்கு? கையா, காலா? கையில்லாத உசுரு, கடிச்சா கடிபட்டுக்கிட்டே கெடக்க வேண்டியதுதான். அன்னைக்குப் பூரா எனக்கு ஒடம்பெல்லாம் அரிச்சுது.

பேரப்பிள்ளை வந்தா வேணுமேன்னு ஒரு கொசு மெஷினு வாங்கி வச்சிருந்தேன். ப்ளக்குல சொருகுதது, அடியில மருந்துக் குப்பி இருக்குமே, அது. அதை எடுத்து மிளகா பெட்டி பக்கத்து ப்ளக்குல சொருகிட்டேன். நல்லாப் பிடிக்கட்டும்னு சன்னலைச் சாத்தினேன், கதவையும் சாத்தினேன். அவ கொளுத்தாதீங்கன்னுதான சொன்னா? நான் கொளுத்தல. புகை வரல, நாத்தம் வரல, சின்னதா ஒரு பச்சை வெளக்கு எரிஞ்சுது, அவ்வளவுதான். ஒரு கொசு இல்ல மறுநா. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பகலும் எரியட்டும்னு விட்டுட்டேன். பகல்லயும் கொசு இருக்குல்லா?

அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீடியோவுல வரத்தான செய்தா. கேக்கல. ஏன் கேக்கலன்னு இப்ப உக்காந்து யோசிக்கேன். எல்லாத்தையும் அவகிட்டக் கேட்டுக்கேட்டுச் செய்யணுமான்னு ஒரு வீம்பு இருந்திருக்கும். நாலு பேரை வளத்த கையி இது, எனக்குத் தெரியாதான்னு.

நேத்து நயினாரு கெளம்பும்போது, வாம்மா, நீயும் வான்னு கூப்பிட்டான். பாம்புக்கு யாருலேன்னேன். அவன் சிரிச்சிட்டான், அம்மா, நீயா பேசுததுன்னான். எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துது.

இன்னைக்குக் காலைல காப்பியக் குடிச்சிட்டு அந்த ரூம்பைத் தொறக்கேன். மிளகா மல்லாக்கக் கிடக்கு. பாம்பு மல்லாக்கக் கெடந்து பாத்திருக்கியளா? வெள்ளை வயிறு மேல தெரியுது. தலை பின்னால திருகிக்கிட்டு நிக்கி, ஒடம்பு வெடவெடன்னு உதறுது. கையாலயே எடுத்தேன், பாம்பைத் தூக்குத கம்பி கிம்பி ஒண்ணும் தேடல. கவுத்துப் போட்டா மறுபடி மல்லாந்துருது. கவுத்துப் போடுதேன், மல்லாந்துருது. புத்துமண்ணைக் கொழைச்சுத் தலையில வச்சேன். கோமதித் தாயே, வெள்ளியில உரு போடுதேம்மான்னு நேந்துக்கிட்டேன். பாம்பு நம்மளத் தீண்டிரக் கூடாதுன்னு போடுத உருவை, பாம்பு பொழைக்கணும்னு நேந்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். தலையணை உறையில போட்டு, கூடையில வச்சு, ஆட்டோக்காரன்கிட்ட முருங்கைக்கான்னு சொல்லி ஏறி வந்துட்டேன்.

இங்க வந்தா, அந்தா கண்ணாடி போட்ட பிள்ளை கம்ப்யூட்டர்ல எழுதிக்கிட்டு இருக்கு பாருங்க, அதுதான் கேட்டுது. அவசரமா எழுதிக்கிட்டே கேட்டுது. ரூம்ல கரப்பான் மருந்து, கொசு மெஷின் ஏதாவது வச்சிருந்தீங்களாம்மா, பாம்புக்கு அதெல்லாம் விஷம்னு.

இல்லம்மா, அப்படில்லாம் ஒண்ணும் வைக்கலன்னுட்டேன்.

என்ன பாக்கிய? ஆமா, சொல்லிட்டேன். வாயில அதான் வந்துது. அது விஷம்னு சொன்ன உடனே, வளைகாப்புக்கு வந்த அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்குப் பின்னால வந்து நிக்க மாதிரி இருந்துது எனக்கு. பாத்தியளா, சபையில சொன்னா, சொன்ன மாதிரியே செஞ்சிட்டான்னு சொல்ல மாட்டாவளா? மருமவ பெரசவத்துக்குப் போன நேரம் பாத்து மாமியாக்காரி விஷம் வச்சிட்டா. இதுதான பேச்சு? கொசு கடிக்குதேன்னு பாவம் பாத்து வச்சேன்னு சொன்னா யாரு நம்புவா? நீங்க நம்புதியளா? இல்ல, நெசமாக் கேக்கேன்.

அதோட நிக்கல. மாசமா இருக்க வீட்டுல ஒரு புழுவைக் கொல்லப்படாது, பாம்புன்னா கேக்கவே வேண்டாம். அது வவுத்துப் பிள்ளையத் தாக்கும்பாவ. கரப்பாம்பூச்சிய அடிக்கப்போன நயினாரு கையைப் பிடிச்சுத் தடுத்தவ நான். அவ மாசமான பொறவு நான் வாசல்ல எறும்புப்பொடிகூடப் போடல. கொசு மட்டும்தான் அடிச்சேன். கொசுவை யாரு உசுருல சேக்கா? இப்ப அங்க அவ வலியில கிடக்கா, இங்க இது உதறிக்கிட்டுக் கிடக்கு. ஒரே நாளுல வரணுமா ரெண்டும்? நான் என்னத்தைன்னு நெனைக்க?

உங்ககிட்ட ஒண்ணு சொல்லுதேன். நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கப் போறதில்ல, அதான். காலைல அது மல்லாக்கக் கிடக்கதைப் பாத்தேம்லா, அப்ப எனக்கு மொதல்ல வந்தது அழுகை இல்ல. பிள்ளை வார வீட்டுல இனிமே இது இருக்காதுன்னு ஒரு நெனப்பு வந்துது. அப்பாடான்னு வந்துது. ஒரு மூச்சு விடுத நேரந்தான். பொறவுதான் பதறி எடுத்தேன், நேந்தேன், ஓடியாந்தேன், எல்லாம். ஆனா அந்த ஒரு மூச்சு வந்துதுல்லா. அதை வச்சிக்கிட்டு நான் எந்தச் சாமி முன்னால போயி, வேணும்னு செய்யலன்னு சூடம் அணைக்க? பாவம் பாத்துத்தான் வச்சேன், அது சத்தியம். அப்பாடான்னு நெனச்சேன், அதுவும் சத்தியம். ரெண்டும் ஒரே மனசுல எப்படி இருந்துதுன்னு எனக்கே தெரியல.

உறையைத் தொட்டுப் பாருங்களேன். இன்னும் உதறுதா? வேண்டாம், நீங்க பயப்படுதிய, நானே பாக்கேன். உதறுது. உசுரு இருக்கு.

இருங்க, போன் அடிக்கு. நயினாரு.

ஏலே, சொல்லு. எப்ப? சுகப்பிரசவமா? ரெண்டு பேரும் நல்லா இருக்காவளா? நாய்ச் சத்தமா? ஒண்ணுமில்லலே, டிவி ஓடுது. அவகிட்டக் குடு. சிந்துஜா, தாயி, நல்லா இருக்கியா? ஆமாம்மா. ஆமா. என்னம்மா சொல்லுத? சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ படு. படுத்துக்கோ தாயி. பொறவு பேசுதேன்.

பொண்ணு. பொண்ணு பொறந்திருக்கா. விடியக்காலைலயே பொறந்துட்டுதாம், ரூமுக்கு மாத்தின பொறவு பேசலாம்னு இருந்தானாம். நல்ல எடை, தலை நெறைய முடியாம். கண்ணுல தண்ணி வருது, சிரிக்காதிய. கோமதின்னு ஒரு பேராவது சேத்து வைக்கச் சொல்லணும்.

அவ என்ன சொன்னா தெரியுமா? கொரலே எழும்பல, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி பேசுதா. “நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் அத்தை. இவளைப் பார்த்ததும் எனக்கே பயமா இருக்கு. ரெண்டையும் நல்ல இடமா பார்த்துக் கொடுத்துடலாம். அதுவரைக்கும் மட்டும் பார்த்துக்குங்க”ன்னா. சொல்லிட்டு அழுதா. பிள்ளை பெத்த அன்னைக்கு அழுதா. கடைசியா, மிளகா சாப்பிட்டாளான்னு கேட்டா. சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ படுன்னேன். கேட்டியள்லா? கேட்டதுக்கும் சொன்னதுக்கும் சம்பந்தமே இல்ல.

நான் ஜெயிச்சிட்டேன் பாருங்க. எது வேணும்னு சபையில நின்னு கேட்டேனோ அதை அவளே தூக்கிக் குடுத்துட்டா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு முந்தி குடுத்திருந்தா என்ன? இனி இது செத்தாலும் ஒருத்தரும் துருவிக் கேக்கப் போறதில்ல. எப்படியும் குடுக்கப்போறதுதானன்னு விட்டுருவாவ, பிள்ளை பொறந்த சந்தோசத்துல மறந்துருவாவ. நான் வாயைத் தொறக்கலன்னா முடிஞ்சு போச்சு. டாக்டரு வந்து என்னமும் ஊசி போடுவாவ, பொழைச்சா பொழைக்கட்டும். அப்படியே விட்டுருவோமா? நீங்க என்ன சொல்லுதிய?

என்ன? என்ன கேட்டிய?

இன்னொண்ணா? சுண்டலு வீட்டுல இருக்கு. அதுக்கு ஒண்ணுமில்ல. காலைல பாத்தேன், மூலையில சுருண்டு கிடந்துது, அது எப்பவும் அப்படித்தான். ஆமா, அதே ரூம்புதான். அந்தப் பக்கத்துச் செவுத்தோரமா அதோட பெட்டி. கதவைச் சாத்திட்டுத்தான் வந்தேன். சன்னலும் சாத்தித்தான் இருக்கு.

மெஷினு.

ஐயோ, மெஷினை நான் அணைக்கலியே. காலைல அது விஷம்னு எனக்குத் தெரியாதே. இங்க வந்துதான தெரியும். தெரிஞ்சு எம்புட்டு நேரம் ஆச்சு? இங்கன உக்காந்து ஊரு என்ன சொல்லும், சம்பந்தி என்ன சொல்லுவான்னு உங்ககிட்டக் கதை பேசிக்கிட்டு இருக்கேன். அங்க அது எரிஞ்சிக்கிட்டு இருக்கு. சவத்து மூதி, எனக்கு எங்க போச்சு புத்தி? இதுக்கு உதறுதுன்னு அழுதேன், அதை ஒரு தடவை நெனச்சேனா நான்?

லில்லி டீச்சர்கிட்ட சாவி இருக்கு. இருங்க, இந்த நம்பரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க, எனக்குக் கண்ணு தெரியல. டீச்சருக்கு எல்லுன்னு ஒத்த எழுத்துதான் போட்டிருக்கும். அதுதான், அதுதான்.

டீச்சரா? நான் ஆவுடையம்மா பேசுதேன். ஆமா, பொண்ணு, நல்லா இருக்கா. அதைப் பொறவு பேசுவோம். எங்க வீட்டைத் தொறந்து அந்தப் பாம்பு ரூம்புக்குள்ள போங்க டீச்சர். பாம்பு பெட்டிக்குள்ள பூட்டித்தான் இருக்கு, ஒண்ணும் செய்யாது. ப்ளக்குல ஒரு கொசு மெஷினு எரியும், அதைப் பிடுங்கி வெளிய எறிங்க. சன்னலைத் தொறங்க, ஃபேனைப் போடுங்க. இல்ல, பொறவு செய்யலாம்னு இல்ல, இப்பவே. ஏன்னா... ஏன்னா அது பாம்புக்கு விஷம் டீச்சர். ஒண்ணு சாகக் கிடக்கு, ஆஸ்பத்திரியில வச்சிருக்கேன். யாரும் வைக்கல, நான்தான் வச்சேன். ஆமா. நான்தான். நீங்க என்னமும் நெனச்சிக்கிடுங்க, மொதல்ல போயி சன்னலைத் தொறங்க.

போறாவளாம். செருப்பை மாட்டுத சத்தம் கேட்டுது. பாம்புன்னா அவியளுக்கு உசுரு போயிரும். அப்படியும் ஒண்ணும் கேக்காமப் போறாவ.

நான் அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளைகிட்டப் போறேன். டாக்டரு வாரது வரைக்கும் உக்காந்திருந்தா ஆவாது. என்ன மருந்து, எத்தனை நாளு எரிஞ்சுதுன்னு தெரிஞ்சாத்தான அவியளுக்கும் என்ன செய்யணும்னு தெரியும்? பொய் சொன்னேம்மான்னு சொல்லிருதேன். திட்டட்டும். கூடையை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.

இந்தப் போனை மட்டும் நீங்க வச்சிக்கிடுங்க. எம் மருமவ தூங்கி எந்திரிச்சு மறுபடி கூப்பிடுவா, மிளகா சாப்பிட்டாளான்னு நான் சொல்லலல்லா, விட மாட்டா. எடுத்து, உங்க அத்தை உள்ள போயிருக்காவன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லிராதிய. கொஞ்ச நேரங் கழிச்சு வீடியோவுல கூப்பிடச் சொல்லுங்க. மூஞ்சிக்கு நேராத்தான் சொல்லணும்.